பாட்டை எடுத்துக் கொடுப்பது யார்?

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரோடே நின்றன. பட்டா, பத்திரம், கலெக்டர் ஆபீஸ் மனு என்று ஊராருக்குப் புதுப்புது அலைச்சல். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் ஒரு லாபம் கிடைத்தது. பாட்டுப் போட்டியில் தோல் தொழில் வட்டாரம் முழுமைக்கும் மாவட்ட முதலிடம் ஒன்றே ஒன்று என்றிருந்தது மூன்றாகிவிட்டது. ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைக்கும் இரண்டு தாய்மாரின் பிள்ளைகள், ஒருத்தி பேரணாம்பட்டுப் பக்கம், ஒருத்தி உள்ளூர் என்பதால், இரண்டு மாவட்டங்களுக்காகப் பாட நேர்கிறது.

மாவட்ட முதலிடத்துக்கு இவ்வளவு மவுசு வந்தது 2022-23 கல்வியாண்டில். பள்ளிக் கல்வித் துறை அந்த ஆண்டு அரசுப் பள்ளிகளுக்காகக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. முதலில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பிறகு தொடக்க வகுப்புகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் உள்ளே வந்தன. தொடங்கியபோது பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி. மாநிலத்தில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். நாட்டுப்புறப் பாடல், பறை, வில்லுப்பாட்டு என்று போட்டிகளின் பட்டியல் நீளம். வென்றவர் பெயர் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் அது பாடாத பாட்டுதான்.

இந்த ஊர்களில் கூட்டாகப் பாடுவது அரசாணை வந்து தொடங்கிய பழக்கமல்ல. சர்ச்சிலும் பஜனை மடத்திலும் மதரஸாவிலும் ஆண்டு முழுக்கப் பாடிக்கொண்டிருந்த குழுக்கள் இங்கே உண்டு. போட்டி அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் வந்துபோகிற விருந்தாளி. இன்று முதலில் சுற்றறிக்கை வருகிறது. பிறகுதான் குழு பிறக்கிறது. தயாரிக்கும் விதம் தலைகீழாய் மாறியதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மைக், கீபோர்டு, யூடியூப் எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை.

சர்ச்சிலிருந்து தொடங்கலாம், எழுத்தில் தடயம் அதிகம் கிடைப்பது அங்கேதான். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை நிறுவியது 1853இல். அதே ஆண்டில் தெற்கே அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் பெரும்பகுதி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள். அதுவரை வெள்ளைக்கார மெட்டில் தமிழை இழுத்து இழுத்துப் பாடிய சபைகளுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று காதுக்குப் பழகிய வடிவம் கிடைத்தது. இன்றும் தமிழ்ச் சபைகளில் இரண்டு புத்தகம்: மேற்கத்திய மெட்டில் பாமாலை, நம் மெட்டில் கீர்த்தனை. ஆம்பூரில் இன்னொரு கிளையும் உண்டு. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் அங்கிருந்து ஆம்பூருக்கு வந்து கன்கார்டியா பள்ளியையும் பெதஸ்தா மருத்துவமனையையும் நடத்தியது. லுத்தரன்கள் ஜெர்மானியக் கூட்டுப்பாட்டு மரபில் வளர்ந்தவர்கள். பிரசங்கத்துக்கு இணையாகப் பாட்டை மதிப்பவர்கள்.

அந்தக் காலத்துக் கொயர் மாஸ்டர் ஒருவர் கேரல் போட்டிக்குக் குழுவைத் தயாரித்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் கையில் இருந்தது டானிக் சோல்ஃபா. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கி, ஜான் கர்வென் என்ற போதகர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய எழுத்து முறை அது. ஐந்து கோடும் முட்டைகளும் வேண்டாம்; டோ, ரே, மீ ஆகியவற்றின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதி, அடிகளைப் புள்ளியாலும் முக்கால் புள்ளியாலும் பிரித்தால் போதும். சாதாரண அச்சகத்தில் சாதாரண எழுத்தில் அடித்துவிடலாம். பரீட்சை அட்டையில் பென்சிலால் பிரதி எடுக்கலாம். மிஷன் பள்ளிகளுக்கு அது மலிவாக வந்து சேர்ந்தது. ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பேன். அந்த முறையில் டோ எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பாடுகிறவர்கள் தங்கள் தொண்டைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். ஆதார ஷட்ஜத்தை இஷ்டப்பட்ட கட்டையில் வைத்துப் பாடிய ஊருக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

சோப்ரானோ ஒரு மூலை, ஆல்டோ ஒரு மூலை, ஆண்கள் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்து, நன்றாக ஊறிய பிறகுதான் நான்கையும் சேர்ப்பார்கள். சேர்த்த முதல் நாள் ஆல்டோ தன் மெட்டை விட்டுவிட்டு சோப்ரானோவோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்து நிறுத்தவே ஒரு வாரம் ஆகும். மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு டிக். பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நீ எடுக்காதே, அடுத்த சொல்லில் எடு என்பது பால பாடம். அப்படி மாற்றி மாற்றி எடுத்தால்தான் கேட்பவருக்குக் குழு மூச்சே விடாமல் பாடுவதுபோல் இருக்கும். சொல் முடியும் 'ம்', 'ல்', 'ன்' எல்லாரிடமும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். நாலு பேர் முன்னே பின்னே முடித்தால் ஒரு நல்ல வரி சரசரவென்று கலைந்துவிடும். பாமாலையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆங்கில மெட்டின் நீண்ட சுரத்தில் தமிழின் குறில் வந்து மாட்டிக்கொள்ளும், நெடிலுக்கு அரை அடி கூடக் கிடைக்காது. நல்ல மாஸ்டர் அந்த இடங்களை முன்கூட்டியே வட்டமிட்டு வைத்திருப்பார். மெட்டை ஒரு மயிரிழை வளைத்து, தமிழைக் காப்பாற்றுவார்.

வேலூர் மருத்துவக் கல்லூரியின் கதை இதில் ஒரு கிளைக் கதை. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளி அது. ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947இல். அதாவது மாணவர்களை மட்டும் வைத்து டெனர், பேஸ் உள்பட நான்கு குரலில் ஒரு பாட்டை நிறுத்துவது அதற்கு முன் அந்தக் கல்லூரியில் நடக்க முடியாத காரியம். சேர்க்கை விதி ஒன்று மாறினால் பாட்டுக்குள் கீழ்ச்சுரம் வந்து சேர்கிறது. இப்படிப்பட்ட விஷயங்கள் இசை வரலாற்றில் யாரும் எழுதுவதில்லை.

இந்தப் பக்கம் வள்ளிமலை. காட்பாடிக்கு வடக்கே உள்ள அந்த மலையில் வாழ்ந்து 1950இல் மறைந்த சச்சிதானந்த சுவாமிகள்தான் திருப்புகழைத் தெருத்தெருவாய்க் கூட்டுப் பாட்டாக்கியவர். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்க ஓடுகிறவர்களைத் திருத்தணிக்குத் திருப்பி, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே மலையேறும் படி விழாவை அவர் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. திருப்புகழின் சந்தம் லேசுப்பட்டதல்ல. ஒரு அட்சரம் பிசகினால் மொத்தக் கூட்டமும் தடுக்கி விழும். ஆனால் அந்த பஜனைக் கூட்டத்தில் தாளம் படித்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வருஷக்கணக்கில் வாங்கிப் பாடினவர் ஒரு நாள் எடுத்துக் கொடுப்பவராக ஆவார்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்து முஸ்லிம் வீடுகளில் உருது பேச்சு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மீலாது விழா வந்தால் நபியைப் புகழ்ந்து பாடும் நாத் போட்டி, கல்லூரியில் பைத்பாஸி என்ற உருதுக் கவிதைப் போட்டி. நாத் பெரும்பாலும் வாத்தியம் இல்லாமல் பாடப்படுவது. ஆர்மோனியம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. நடுவில் நிற்கும் பையன் முதல் சொல்லை எந்த உயரத்தில் எடுக்கிறானோ அதுதான் சுருதி. அவன் பதற்றத்தில் மேலே எடுத்துவிட்டால் மூன்றாவது அடியில் எல்லாரும் கிரீச்சிடுவார்கள். அதனால் உஸ்தாத்மார் முதலில் தேடுவது நல்ல குரலை அல்ல, பதறாத பிள்ளையை.

மூன்று மரபிலும் பொதுவான ஆள் ஒருவர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவர். கொயர் மாஸ்டர் பிட்ச் பைப்பை ஊதியோ ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தியோ கொடுப்பார். பாகவதர் தொண்டையைச் செருமிக்கொண்டு கொடுப்பார். பையன் வெறுங்காற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பான். குழுவில் யாருக்கு இன்று ஜலதோஷம், யாருக்கு நேற்று இரவு ஷிப்டு என்று அவருக்குத் தெரியும். அரைக் கட்டை இறக்கிக் கொடுப்பார்; யாருக்கும் தெரியாமல் பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பழைய உலகத்தில் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கலாம். இலக்கிய மன்றம், சாரணர் முகாமின் இரவுப் பாட்டு, ஆண்டு விழாவில் ஒரு தேசபக்திப் பாடல், அவ்வளவுதான். கூட்டுப்பாட்டை மதத்துக்கு வெளியே கொண்டுவந்து ஒரு தனிக் கலையாகத் தமிழில் நிறுத்தியவர் எம்.பி. சீனிவாசன். அவர் பிறந்தது 1925இல் சித்தூரில். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் அது. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், பொதுவுடைமை இயக்கத்துக்காரர். 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் இசைக்குழுவை அமைத்து, ஆபீஸ் போகிறவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் நிறுத்திப் பாரதியைப் பல குரலில் பாட வைத்தார். 1988இல் காலமானார். அவருடைய முறை இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு முறையாக வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம். வானொலியில் கேட்டதோடு சரி.

பிறகு ஊரின் வேலை மாறியது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டுக்கொண்டிருந்த டேனரிகள் குரோமியத்துக்குப் போயின. 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன் பலனாக ஷூ கம்பெனிகள் பெருகின. டேனரி டிரம்மில் நின்றது ஆண். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்க உட்கார்ந்தது பெண். விடிந்ததும் விடியாததுமாய்க் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியது.

இது பாட்டை நேராகப் பாதித்தது. சர்ச் கொயரில் சோப்ரானோவும் ஆல்டோவும் கம்பெனிக்குப் போய்விட்டன. முன்பு வாரத்தில் இரண்டு மாலை நடந்த ஒத்திகை ஞாயிறு ஆராதனை முடிந்த ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. டிசம்பரில் கேரல், அதே டிசம்பரில் ஷிப்மென்ட் நெருக்கடியும் வந்தால் ஓ.டி. பார்க்கச் சொல்வார்கள். "சண்டே கூட ஓ.டி. போட்டுட்டாங்கண்ணா" என்று சனிக்கிழமை இரவு மெசேஜ் வந்தால் மாஸ்டர் அடுத்த நாள் சோப்ரானோ இல்லாத ஒத்திகைக்குத் தயாராக வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் வாட்ஸ்அப் குரல் பதிவு. நான்கு பகுதியையும் மாஸ்டரே தனித்தனியாகப் பாடிக் குரூப்பில் போட்டுவிடுகிறார். பேஸையும் அவரே, சோப்ரானோவையும் கள்ளக் குரலில் அவரே. பெண்கள் கம்பெனி பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆம்பூர் வருவதற்குள் ஒரு சரணத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சோல்ஃபா படிக்கத் தெரிந்தவர் எண்ணிக்கை குறைந்தது. பாட்டு நுழையும் வேகம் கூடியது. ஆனால் தனித்தனியாகக் காதில் வாங்கிய நாற்பது குரலும் சேரும்போது ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. அதற்கு ஒரே அறையில் நின்றாக வேண்டும், வேறு வழியில்லை.

பள்ளிக்குள் நடக்கும் இன்றைய தயாரிப்பைப் பார்க்க ஒரு பெண்கள் பள்ளியின் மதிய இடைவேளைக்குப் போயிருந்தேன். சத்துணவுத் தட்டுகள் கழுவும் சத்தத்துக்கு நடுவே, ஒன்பதாம் வகுப்பு அறையில், பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு எட்டுப் பத்துப் பெண்கள். சொல்லிக் கொடுத்தவர் தமிழாசிரியை. அது ஊர்ச் சங்கம் ஒன்று நடத்திய குழுப்பாடல் போட்டிக்கான ஒத்திகை. கரோக்கி டிராக் வைத்துக்கொள்ளலாம் என்று விதி. யூடியூபில் கிடைத்த டிராக் ஆண் பாடகர் பாடிய கட்டையில், ஒன்றரையில் இருந்தது. கீழே பாடினால் பெண்களுக்குக் குரல் எழவில்லை; ஒரு ஸ்தாயி மேலே போனால் கத்தல்.

"மிஸ், ஹை போக மாட்டேங்குது மிஸ்."

"போகும்டி. வாயைத் திற முதல்ல."

போகவில்லை. ஆசிரியை போனில் ஒரு ஆப் மூலம் டிராக்கை நாலு கட்டைக்கு ஏற்றினார். குரலுக்குப் பொருந்தியது, ஆனால் தபேலா டப்பா தட்டுவது போலாகிவிட்டது, புல்லாங்குழல் விசில் ஆகிவிட்டது. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கு அடுத்தது நாலுதான் என்று ஆர்மோனியம் பழகிய ஒரு பெண் சொன்னாள். மூன்றில் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் தேவலை. டிராக் மனிதரைப் போல இல்லை. யாராவது ஒரு அடி தாமதித்தால் அது காத்திருக்காது. இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் இடையிசையில் எட்டு அடி எண்ண வேண்டும், எல்லாரும் ஏழில் நுழைந்தார்கள். ஐந்து முறை நடந்தது இது. கடைசியில் ஆசிரியை டிராக்கை நிறுத்திவிட்டு, மேசையில் கையால் தாளம் தட்டி, தானே முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் சரியாக நுழைந்துவிட்டார்கள். மறுபடி டிராக்கை ஓடவிட்டதும் மறுபடி ஏழு.

அன்று நான் கவனித்த இன்னொன்று, எல்லாருக்கும் சங்கதி போட வருகிறது. 2006இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். பாட்டு என்றால் அவர்கள் மனதில் ஒரு மைக், ஒரு ஆள், நடுவர் எழுந்து நின்று கைதட்டுவது. வரி முடிகிற இடத்தில் ஆளுக்கொரு குழைவு. தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அழகு. சேர்ந்து கேட்டால் சந்தை இரைச்சல். அந்தக் காலத்து மாஸ்டர் பாடத் தெரியாதவரைப் பாட வைக்கப் பாடுபட்டார். இன்றைய ஆசிரியை நன்றாகப் பாடத் தெரிந்தவளைப் பாடாமல் நிறுத்தப் பாடுபடுகிறார். "நீ நல்லா பாடுறேம்மா, ஆனா எனக்கு உன் குரல் தனியா கேக்கக் கூடாது" என்று ஒரு பெண்ணிடம் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கோபம் நியாயம்தான். தன் குரல் கேட்கக் கூடாது என்பதற்காக யார் போட்டிக்கு வருவார்கள்?

உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு. வீட்டில் உருது பேசும் பிள்ளை நாட்டுப்புறப் பாட்டில் ழகரத்தில் தடுமாறும். அதே பிள்ளைக்குச் சுருதி கல்லுப் போல நிற்கும், நாத் பாடிப் பழகிய தொண்டை. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் எல்லா ழகரமும் சரியாக வருகிறது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். உயரப்படி வரிசை நிறுத்துவது போட்டோவுக்கு அழகு. பாட்டுக்கு இந்த வரிசைதான் உதவும்.

2024-25இல் கலைத் திருவிழாவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று மையக்கருத்து கொடுத்தார்கள். சென்னையில் உட்கார்ந்து யோசித்தவருக்கு அது நல்ல பொதுத் தலைப்பு. பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அது வீட்டு விஷயம். டேனரிக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரிகளில் அது பாடம். அதே ஆற்றங்கரையில், அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் பிள்ளை, ஆற்றைக் காப்போம் என்று பாட வேண்டும். மரம் நடுவோம், நெகிழி தவிர்ப்போம் என்று யாருக்கும் வலிக்காத வரிகளுக்குள் ஒதுங்கிக்கொள்வதே பாட்டெழுதும் ஆசிரியருக்கு வசதி. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டை அவர் அடுத்த தெருப் பெற்றோர் முன்னால்தான் அரங்கேற்ற வேண்டும்.

சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி ஆகியவற்றோடு இசைக்கும் சிலர் வந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு உயர்ந்தது. நிரந்தரம் செய்யக் கோரி அவர்கள் நடத்தும் போராட்டம் இன்னும் செய்தியில் வந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒருவர் கிடைத்த பள்ளி அதிர்ஷ்டக்காரப் பள்ளி. மற்ற இடங்களில் பாடத் தெரிந்த கணக்கு வாத்தியார், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஆய்வக உதவியாளர், கூத்துக் கட்டும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெற்றோர் என்று கிடைத்தவரை வைத்து ஓட்டுகிறார்கள். இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. கொயரில் நிற்க வேண்டுமானால் அந்தச் சபையில் பிறந்திருக்க வேண்டும். பஜனை மடத்துக்குள் நுழைய எல்லாருக்கும் வழியிருந்ததா என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாத் மேடையில் பெண் பிள்ளைக்கு ஊர் முன்னால் இடம் இருந்ததில்லை. இன்று கலைத் திருவிழா வரிசையில் சேரிப் பிள்ளையும் முஸ்லிம் வீட்டுப் பெண்ணும் முதலியார் வீட்டுப் பையனும் ஒரே பாட்டில் நிற்கிறார்கள். பறை போட்டிப் பட்டியலில் இருக்கிறது. இந்த ஊரில் எந்தப் பழைய குழுவும் இதைச் செய்யவில்லை.

விட்டுப்போன சரக்கும் இருக்கிறது. பழைய குழுவில் பதினைந்து வயதில் சேர்ந்தவர் ஐம்பது வயது வரை நின்றார். தோற்றாலும் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் பாட வேண்டும். இன்றைய குழு வட்டாரத்தில் தோற்றால் அன்று மாலையே கலைந்துவிடுகிறது. ஜெயித்தாலும் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பாதிக் குரல் போய்விடும். அடுத்த ஆண்டு புது மையக்கருத்து, புதுப் பாட்டு, புதுப் பிள்ளைகள். எதுவும் படிவதில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்பதற்கு வேண்டிய காலம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசே ஒரு இடத்தில் டிராக் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. 2021 டிசம்பர் 17இல் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பண்ணில், அதாவது மோகனத்தில், மும்மை நடையில், 55 விநாடிகளில் அதைப் பாட வேண்டும் என்றது. விழாக்களில் இசைத்தட்டை ஓடவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொன்னது. அந்த 55 விநாடியைப் பள்ளியில் தினமும் காலை வழிபாட்டில் பாடுகிறார்கள். ஐந்நூறு பிள்ளைகள், வாத்தியம் கிடையாது, மேடையில் நிற்கும் இரண்டு மூன்று பெண்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மேலே எடுத்துவிட்டு நடுவில் திணறுகிறார்கள், அல்லது பாதாளத்தில் எடுத்து முணுமுணுக்கிறார்கள். திருத்துவதற்கு யாரும் நிற்பதில்லை, வழிபாடு முடிந்து முதல் பீரியட் மணி அடிக்க வேண்டும்.

நான் பார்த்த தமிழாசிரியை அங்கிருந்துதான் தன் குழுவைப் பிடிக்கிறார். சுற்றறிக்கை வந்த பிறகு ஆள் தேடுவதில்லை. ஜூன் மாதத்திலிருந்தே வழிபாட்டில் பாடும் பிள்ளைகளை வாரம் ஒரு முறை மாற்றுகிறார். யார் எடுத்தால் மற்றவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்று நோட்டில் குறித்து வைக்கிறார். மோகனம் ஐந்தே சுரம் என்பதால் சுருதி விலகினால் உடனே தெரிந்துவிடும், சொல்லிக் கொடுக்கவும் எளிது என்றார். எட்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு பேரை எடுக்கிறார், பெரிய பிள்ளைகள் போன பிறகும் குழுவில் பழைய காது இரண்டு மிச்சம் இருக்கட்டும் என்று. போன வருஷம் வட்டாரத்தோடு முடிந்துவிட்டதாம். என்ன குறை என்று கேட்டேன். "ஒண்ணும் குறையில்ல சார். நாலாவது வரியில ஒருத்தி தனியா சங்கதி போட்டுட்டா. நடுவர் தலையாட்டினார், அதைப் பார்த்து அவ இன்னொண்ணும் போட்டா" என்றார். அந்தப் பெண் இந்த வருஷமும் குழுவில் இருக்கிறாள். பாட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறார்.